உட்டாச்சு என்றால் விடு என்று அர்த்தமில்லை

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால், செய்தித்தாள், முருங்கைக்குத் தண்ணீர், நாற்பது நிமிட நடை. மனைவி மரகதம் கோவையில் மகள் வீட்டில் இருப்பதால் நானே உப்புமா கிண்டினேன். உப்பு போட மறந்திருந்தேன். பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். இரண்டு நாளாகக் காரின் பின்சக்கரத்தருகே பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குழாயை மாற்றி முடித்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன்.

"பிரேக் பெடலை நான் மிதிக்கட்டுங்களா?"

"எதுக்குங்க சார்? காத்தை மெசினே இழுத்துக்கும்."

கையளவு பம்பு ஒன்று. அதை வைத்துத் தனியாளாக இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சிந்திய ஆயிலின் வாடை மட்டும் நின்றது. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்த மாதிரி. ராசிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலுக்குப் போக எனக்கு அது போதும்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தோம். லைசென்ஸ் என்னிடம் இருந்தது. மூன்றாவது கியருக்கு மேல் போகும் தைரியம் இல்லை. மரகதம் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருந்த வீட்டுப் பெண். ஸ்பானர் பிடிக்கவும் தெரியும், வண்டி ஓட்டவும் தெரியும். லைசென்ஸ்தான் இல்லை. ஓட்டிப் பழகத் தரும் அவளுடைய எல்.எல்.ஆரின் ஆறு மாதக் கெடு திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்று காலைதான் நாமக்கல்லில் டெஸ்ட். ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போட்டவன் நான். ஒருமுறை ஆபீஸில் தணிக்கை, ஒருமுறை மழை, ஒருமுறை என்ன காரணம் என்று டைரியிலும் இல்லை.

ஞாயிறு காலை அவள் பிரேக் பெடலை மிதித்தாள். அது தரையைத் தொட்டது. குனிந்து பார்த்தால், பின் இடது சக்கரத்தின் உட்புறம் பளபளவென்று ஈரம். ரப்பர் ஓஸ் வெடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஈரத்தைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றேன்.

"அடுத்த மாசம்னா மறுபடி மொதல்லருந்து எல்.எல்.ஆர். எடுக்கோணும். உங்களுக்கு மறுபடி லீவு கெடைக்காது. போயி ஓஸ் வாங்கிட்டு வாங்க."

ஞாயிறு கடை கிடையாது. ஆனால் ஸ்பேர்ஸ் கடைக்காரர் வீடு கடைக்குப் பின்னாலேயே. ஷட்டரைப் பாதி தூக்கினார். நான் ஓஸின் நீளம், தடிமன், மரைகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய சீட்டை நீட்டினேன்.

"இந்தச் சீட்டையா வண்டியில மாட்டப் போறீங்க? பழசக் கொண்டாங்க சார்."

சைக்கிளில் இன்னொரு நடை.

பழையதை எடுக்க நான் வீடு திரும்புவதற்குள் மரகதம் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜாக்கி வைத்து, கட்டை முட்டுக்கொடுத்து, காருக்கடியில் சாக்கு விரித்துப் படுத்து, அதைக் கழற்றியும் வைத்துவிட்டாள். புது ஓஸ் மாட்டியது அரைமணி. குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதுதான் பெரிய வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, கீழே இருப்பவர் சக்கரத்திலுள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்று குமிழ் குமிழாக வெளியேறும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

மிதித்தேன். "உட்டாச்சு" என்று கீழிருந்து குரல் வந்தது. காற்றை விட்டாயிற்று என்று அவள் சொல்கிறாள். காலை விடச் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். விட்டேன். இப்படியே பதினோரு தடவை. கடைசியில், நிப்பிளில் செருகி ஆயில் டப்பாவில் விட்டிருந்த டியூபில் குமிழ்கள் பின்னோக்கி ஓடுவதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, நான் உட்டா நீங்களும் உட்டுருவீங்களா?"

"நீதானே உடச் சொன்னே?"

"உட்டாச்சுன்னேன். உடுங்கன்னா சொன்னேன்?"

"இங்கிருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

படுத்தபடியே அவள் சிரித்ததில் ஸ்பானர் கைநழுவி விழுந்தது. வார்த்தையே வேண்டாம் என்றேன். ஒண்ணு என்றால் மிதி, ரெண்டு என்றால் பிடி, மூணு என்றால் எடு.

"கட்டுன பொண்டாட்டிக்கும் ஃபைல் நம்பராங்க?" என்றாள். ஆனாலும் "ஒண்ணு" என்றாள்.

ஐந்தாவது சுற்றில் பெடல் பாதி வழியில் என் பாதத்தைத் தடுத்தது. கீழே ஆயில் டப்பாவில் குமிழ் சிறுத்துக்கொண்டே வருவதை அவள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: கடுகளவு, ரவையளவு. ஒன்பதாவது சுற்றில் பெடல் கல் மாதிரி நின்றது. "நிக்குது மரகதம், நிக்குது," என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை நாமக்கல் மைதானத்தில் அதிகாரி சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, அதில் நிறுத்தச் சொன்னார். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். வேகமாக வந்த கார் கோட்டைத் தொட்டு நின்றது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். மரகதம் இறங்கி நேராக என்னிடம் வந்து, என் வலது காலைப் பார்த்தாள். அது மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

"மூணு," என்றாள். அப்புறம்தான் எடுத்தேன்.

அந்தக் காரை ஆத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போனார். மைதானத்தில் இப்போது கடைகள். ராசிபுரத்து வாசலை ஷட்டர் போட்டு மறைத்துவிட்டார்கள். நான் கார் ஓட்டுவது அந்தத் திங்களோடு அநேகமாக நின்றுபோனது, அதில் வருத்தமில்லை. மிதிக்க ஆள் கூப்பிடும் குரல்தான் எந்த வீட்டிலும் கேட்பதில்லை.

ஜூன் 15, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்து, முதல் வேலையாகக் கோவைக்குப் போன் போட்டேன். பிரேக் சரியாகிவிட்டது என்றேன்.

"அப்படிங்களா," என்றாள் மரகதம். "யாருங்க மிதிச்சது?"