கையைக் கட்டிக்கொண்ட கண்டக்டர்

தென்காசி–குற்றாலம் பஸ்ஸின் கண்டக்டர் 1960-களில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஆள் ஏறி முடிக்குமுன் விசில் ஊதுபவர் என்று பெயர் வாங்கியவர். ஒல்லி உடம்பு, நிற்காத நடை. வாசலில் நாலு சட்டியில் கள்ளி வளர்த்தார். சாரல் விழுந்தால் குடையைச் சட்டிகளுக்கு மேல் விரித்துவிட்டு, தான் நனைந்துகொண்டே வேலைக்குப் போவார்.

அவர் தந்த கள்ளிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி அழுகவைத்தேன். போய்ச் சொன்னேன்.

"நானும் மூணு செடிய அழுக விட்டவந்தான், அண்ணாச்சி. இப்பம் ஊத்தணும்னு கை பரபரத்தா பின்னால கட்டிக்கிடுதேன்," என்றார்.

மறுநாள் அவர் பஸ்ஸில் போனேன். குழந்தையும் கூடையுமாக ஒரு பெண் மெல்ல ஏறினாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் விசிலோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் உட்கார்ந்த பிறகே ஊதினார்.

என் கை இன்னும் அடங்கவில்லை. இன்று காலையும், புதிதாக வாங்கி வைத்த கள்ளிக்கு ஒரு சொம்பு ஊற்றிவிட்டேன்.