பூனைக்குத் திசை மறக்கச் சுற்றிய வண்டில்

மாட்டு வண்டிலில் வாப்பா முன்னுக்கு, கையில் மாடு விரட்டும் கம்போடு. அவருக்குப் பின்னால் உம்மா, சாக்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு. தம்பி, கூடாரத்து வளையில் கட்டிய சேலை ஏணையில். நான் பின்பக்கம், காலைத் தொங்கப் போட்டபடி. என் மடியில் பன்புல்லில் இழைத்த உமல் பை, அதற்குள் பூனை. உமலின் வாயைச் சணல் நூலால் உம்மா தைத்திருந்தார். ஐந்து பேர். மாடுகளை நான் சேர்க்கவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். வட்டைக்குப் போகிறோம் என்று சொன்னார்கள். வட்டை என்றால் வயல்வெளி. வரிப்பத்தான்சேனைப் பக்கம் வாப்பாவுக்கு வயல் இருந்தது. கதிர் முற்றும் நேரம் அவர் தனியே போய்க் காவல் கிடப்பார். அந்த முறை எல்லோரும் போனோம். லாத்தா மட்டும் வரவில்லை. என் மூத்த சகோதரி அவள். அவளுக்குக் கலியாணம் முடிந்து ஒரு பிறை கண்டிருந்தது. மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுத்தால் வீடும் அவளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் சில காரியங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டிலில் அம்மியை ஏற்றினார்கள். காவலுக்குப் போகிறவர்களுக்கு அம்மி எதற்கு என்று கேட்டேன். சம்பல் அரைக்க என்றார் உம்மா. வாப்பாவின் பெருநாள் சறத்தையும் மடித்து வைத்தார். வயலில் என்ன பெருநாள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி அலமாரியை யாரும் தொடவில்லை.

எல்லாம் ஏற்றிய பிறகு உம்மா வாசற்படியில் நின்று லாத்தாவைக் கூப்பிட்டார்.

"மகள், பூனையைக் கொண்டு போகட்டா?"

லாத்தா உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்தாள்.

"அவங்களக் கேட்டுச் சொல்றன் உம்மா."

உள்ளே போய்விட்டாள். உம்மா முந்தானை நுனியைப் பிடித்தபடி நின்றார். போன மாதம் வரை கறி கருகினால் அகப்பையை ஓங்கிக்கொண்டு லாத்தாவைத் துரத்தியவர் அவர். பூனையும் எங்கள் பூனை. மீன் தலை போட்டு வளர்த்தது நான். யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

திரைக்குப் பின்னால் மச்சானின் சிரிப்புக் கேட்டது.

"கலியாணம் பேசக்குள்ள பூனையப் பத்திக் கதைக்கல்லதானே. கொண்டு போகட்டும்."

உம்மாவும் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. பூட்டியிருந்த மாட்டை அவிழ்த்து மறுபடி பூட்டினார்.

பூனையை இடம் மாற்றினால் அதன் கண்ணில் பாதை படக்கூடாது. அது எங்கள் ஊரான சாய்ந்தமருதில் வழக்கம். அதற்குத்தான் உமல். உமல் மட்டும் போதாது என்று வாப்பா நினைத்தார். காரைதீவுச் சந்தியில், மேற்கே திரும்புகிற இடத்தில், வண்டிலை நடுச்சந்தியில் வைத்து வட்டமாகச் சுற்றினார். ஒரு முறை சுற்றி, இன்னொரு முறை சுற்றி, மூன்றாவதும் சுற்றினார். ஏணை ஆடி ஆடி வளையில் இடித்தது. தம்பி விழித்து அழுதான். உமலுக்குள் பூனை என் தொடையைப் பிறாண்டியது.

தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"என்ன காக்கா, மாட்டுக்குப் பைத்தியமோ?"

"பூனைக்குத் திசை மறக்கணும்."

"பூனை மறக்காது காக்கா. நீங்கதான் இப்ப சாய்ந்தமருதுக்கே திரும்பிப் போகப் போறீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பா மாட்டை மேற்கே தட்டினார்.

திசை மறந்தது எனக்குத்தான். கடல் எந்தப் பக்கம், நாங்கள் வந்த பாதை எது, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் வயல். தலை சுற்றியது. வாந்தி எடுத்தேன். உம்மா என் வாயைத் துடைத்துவிட்டு, உமலையும் தடவிப் பார்த்தார்.

வட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாப்பா காவல் கிடக்கும் வாடி இல்லை. ஆனை தள்ளிவிட்டிருந்தது. நாலு கம்பும் கொஞ்சத் தென்னங்கிடுகும் சேற்றில் கிடந்தன. வாப்பா கிடுகு ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்த்தார். நுகத்தைக் கவட்டுக் கம்புகளில் ஏற்றி, சில்லுகள் உருளாமல் கல் வைத்தார். அன்றிலிருந்து வண்டில்தான் வீடு. மேலே உம்மாவும் நாங்களும் படுப்போம். கீழே, சில்லுகளுக்கு நடுவில், வாப்பா. மழை பெய்தால் அவரும் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. சில்லு வைத்த வீடு யாருக்குக் கிடைக்கும்.

பூனைக்குப் பிடிக்கவில்லை. உமலைப் பிரித்ததும் வெளியே வந்து, மூக்கைத் தூக்கி ஒரு பக்கத்தையே பார்த்தது. உம்மா அதன் கழுத்தில் சீலைத் துண்டு கட்டி வண்டில் சில்லின் ஆரத்தில் முடிந்தார். வாய்க்கால் மீனை அவித்துக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எந்நேரமும் அந்த ஒரு பக்கம்தான். சூரியன் அங்கேதான் எழும்பும். வெயில் காய்கிறது என்று நினைத்தேன்.

எப்போது வீட்டுக்குப் போவோம் என்று உம்மாவைக் கேட்பேன். கதிர் வெட்டு முடியட்டும் என்பார். வெட்டு முடிந்தால் போவோமா என்றால் அடுப்பை ஊதத் தொடங்கிவிடுவார்.

வெட்டுத் தொடங்கிய நாளில் விடிந்து பார்த்தபோது சீலைத் துண்டு மட்டும் ஆரத்தில் தொங்கியது. முடிச்சு அப்படியே இருந்தது. தலையை உருவிக்கொண்டு போயிருக்கிறது.

நரி பிடித்திருக்கும் என்று வெட்டுக்காரர் ஒருவர் சொன்னார். உம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் குனிந்து தாக்கத்தியைத் தீட்டினார். வாப்பா மட்டும், அது ஊருக்குப் போயிருக்கும் என்றார். ஊருக்குப் போயிருந்தால் நல்லது, நானே போய்க் கொண்டு வரலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் வரம்பில் இறங்கி நடந்தேன். மலை தெரிந்த பக்கம் நடந்தேன். அதுதான் ஊர் என்று நினைப்பு. வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பின்னால் சேறு மிதிக்கும் சத்தம் கேட்டது. வாப்பா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"எங்க புள்ள போற?"

"ஊட்டுக்கு. பூனையக் கொண்டுவர."

அடிப்பார் என்று தோளை ஒடுக்கிக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

"ஊடு இஞ்சால இல்ல. அங்கால."

பூனை பார்த்துக்கொண்டிருந்த பக்கம்.

"அப்ப வாங்க வாப்பா, நாமளும் போவம்."

அவர் குனிந்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பாதி வரம்பு வந்த பிறகுதான் கதைத்தார்.

"பூனை போகும் புள்ள. அதுக்கு ஆரையும் கேக்கத் தேவல்ல."

நாங்கள் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று யோசித்தேன். வாப்பாவுக்குக் களைப்பு, ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கதிரைச் சூடு மிதித்து நெல்லாக்கி முடிந்ததும் திரும்பினோம். காரைதீவுச் சந்தியில் வாப்பா சுற்றவில்லை. நேரே வந்தார். எங்கள் வீட்டுக் கூரை தெரிந்ததும் நான் குதிக்கத் தயாரானேன். வண்டில் வீட்டைத் தாண்டிப் போனது. பக்கத்து வெறும் வளவில் நின்றது. அங்கே கிடுகுக் கொட்டில் ஒன்றுக்குக் கம்பு நட்டிருந்தார்கள். வாப்பா பிழையான இடத்தில் நிறுத்திவிட்டார் என்று கத்தினேன். அவரும் உம்மாவும் அதைக் கேட்காதது போல அம்மியை இறக்கினார்கள்.

பின்னேரம் உம்மா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தார். வாப்பா அந்தப் பெருநாள் சறத்தை உடுத்தார். புது நெல்லில் குத்திய அரிசியைச் சுளகில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போனோம். வேலிக் கடப்படியில் உம்மா நின்றார். உள்ளே ஓடப் போன என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வெளியாட்களைப் போல வாப்பா ஸலாம் சொன்னார்.

லாத்தா வெளியே வந்தாள். எங்களைக் கண்டதும் முகம் ஒரு மாதிரியானது.

"என்ன உம்மா, கடப்புல நிக்கிறீங்க?"

"நீ கூப்பிடு மகள். வாறம்."

லாத்தா அழத் தொடங்கினாள். வீடும் அவளுடையது, அலமாரியும் அவளுடையது, அழ என்ன இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வாசற்படியில் பூனையைக் கண்டேன். மெலிந்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. கூப்பிட்டேன். என்னைப் பார்த்தது, காலை நக்கியது, எழுந்து உள்ளறைக்குள் போனது.

வண்டிலில் போன ஐவரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். கூப்பிடாமல் உள்ளே போனது ஒன்று.