காவடித் தெருவில் ஒரு வயர்

மலைக்கோயில் மடப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டும் நாகேஷுக்கு முப்பத்தாறு வயது. ஆனாலும் துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் உயிர். மனைவி சுப்ரஜா திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள். வீட்டில் இருந்தது வயர் இல்லாத நெட். மற்ற நாளில் எப்படியோ ஓடும். கிருத்திகை வந்தால் போச்சு. மலையேறும் கூட்டத்தின் போன்களே டவரை மொத்தமாக உறிஞ்சிவிடும். திரையில் நாகேஷின் ஆள் மரமாக நிற்பான். எதிரி சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போவான்.

இந்த வருஷம் இறுதிப் போட்டி ஆடிக் கிருத்திகையன்றே வந்து தொலைத்தது. "இந்த வாட்டியும் நின்னுட்டீங்கன்னா வேற ஆள சேர்த்துக்குவேண்ணா," என்று டீம் தலைவன் வளவன் கறாராகச் சொல்லிவிட்டான். டீமை விட நாகேஷுக்கு மனசில்லை. வயர் இழுத்துவிடுவதென்று முடிவு செய்தான்.

கேபிள்காரர் கஜபதி தெருவை அண்ணாந்து பார்த்தார். "எதிர் வூட்லருந்துதான் இழுக்கணும். தாழ்வா தொங்கும்ங்க. காவடி வர்ற தெரு வேற. திருவிழா முடியட்டும், கம்பம் நட்டு ஒசத்திக் கட்டிடலாம்."

"காவடி வந்தா நானே கொம்பால தூக்கிப் புடிச்சிக்கிறேன். நீங்க இழுங்க."

கிருத்திகையன்று காலை முறை முடிந்து வந்தவன் ஹெட்போனை மாட்டினான். நெட் பறந்தது. ஒரே ஓர் எதிரிதான் பாக்கி. தெருவில் பம்பைச் சத்தம் நெருங்கி வந்தது அவன் காதில் ஏறவில்லை. சட்டென்று திரை நின்றுவிட்டது.

"எவன்டா வயர அறுத்தது?" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் பாய்ந்தான்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து வருஷாவருஷம் நடந்தே வரும் குப்பம்மாள் நடுத்தெருவில் நின்றிருந்தாள். தோளில் புஷ்பக் காவடி. அதன் வளைவில் வயர் சுற்றிக்கொண்டிருக்க, பாதிப் பூ தரையில் கிடந்தது. மலையேறும்வரை காவடியை இறக்கக் கூடாது என்பதால் அவளால் அசையவும் முடியவில்லை. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"வயரு இருந்தது தெரியல சாமி," என்றாள் அவள். "உங்க பொருள கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

நாகேஷுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஹெட்போன் கழுத்தில் தொங்க, சிக்கை எடுத்தான். காவடி சுமப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அந்தத் தெரு வழக்கம். சுப்ரஜா குடத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். வெயிலில் வெந்து சிவந்திருந்த அந்தக் கால்களில் தலைகுனிந்து ஊற்றினான்.

"நீங்கதாம்மா மன்னிக்கணும்," என்று அவன் சொல்லும்போது பம்பை மறுபடி முழங்கிவிட்டது. குப்பம்மாள் மலைப்பக்கம் நடந்தாள். அவன் சொன்னது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.