நாலு மணிக்கு வருகிறேன்

கெண்டைக்காலில் நாய் கடித்த நாளிலிருந்து மீட்டர்காரர் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போனதில்லை.

தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவருடைய வேலை. ஒரு நாளைக்கு எண்பது வீடு, இருபத்தாறு வருடம். முதல் ஏழு வருடம் எல்லோரையும் போலக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனவர்தான். எட்டாவது வருடம் ஒரு வீட்டின் பின்பக்கம், குழிக்குள் குனிந்து மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நாய் வந்து தன் வேலையைப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு முதல் நாளே ஃபோன். "நாளைக்குப் பத்து மணிக்கு வரேம்மா. நாயக் கட்டிப் போட்டுடுங்க." நாய் இல்லாத வீட்டுக்கும் அதே ஃபோன்தான். குளித்துக்கொண்டிருப்பவர்கள், தூங்குகிறவர்கள், சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தம்பதிகள் என்று எல்லோருக்கும் இது வசதியாக இருந்தது. தங்கமான மனிதர் என்று தெருத் தெருவாகப் பெயர் வாங்கினார்.

மனைவிக்கு மட்டும் இதில் பெருமை கிடையாது. அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஊராரின் கறையைப் பார்த்துப் பார்த்து எதையும் பூசி மெழுகிப் பேசத் தெரியாமல் போனவள். "இவருக்கு மரியாதை ஒரு வியாதி. எமனே வந்தாலும், ஒரு ஃபோன் பண்ணிட்டு வந்திருக்கலாமேன்னு கேப்பாரு" என்பாள்.

காவல் நிலையத்தை மேற்பார்வை பார்க்க ஊர்க்காரர்கள் ஐந்து பேரைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். மருந்துக்கடை அம்மாள் தலைவி. பல் மருத்துவர், லாரி ஓட்டுநர், தையல்காரர் ஆகியோர் உறுப்பினர்கள். ஐந்தாவது ஆள் யார் என்ற கேள்வி வந்தபோது பத்துப் பேர் மீட்டர்காரர் பெயரைச் சொன்னார்கள். வேலை சுலபம். மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் போய் நிலையத்து லாக்கப் அறையைப் பார்க்க வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள், சாப்பாடு கிடைத்ததா, யாராவது அடித்தார்களா என்று கேட்டுப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புகார் வந்தால் ஐவரும் கூடி விசாரித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். விதிகள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அதில் நான்காவது விதி: போகிற நாளும் நேரமும் நிலையத்தாருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது.

முதல் தடவை அவர் விதிப்படிதான் போனார். அறைச் சாவியை வைத்திருந்த எழுத்தர் நீதிமன்றம் போயிருந்தார். வாசல் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் மீட்டர்காரர். போகிற வருகிறவர்கள் எல்லாம், என்ன தப்புப் பண்ணினாரோ என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எழுத்தர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "அண்ணே, ஒரு ஃபோன் அடிச்சிருந்தா சாவியோட வாசல்லயே நின்னிருப்பேனே. உங்களப் போயி பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்களே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். அந்த வருத்தம் உண்மையாகவும் இருந்திருக்கலாம். அடுத்த மாதம் மீட்டர்காரர் ஃபோன் அடித்துவிட்டுப் போனார்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்று சொல்ல ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேலியிடம் நேரம் கேட்டுக்கொண்டு வயலைப் பார்க்கப் போனவரைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. அவர் காசு வாங்கவில்லை, யாருக்கும் பயப்படவும் இல்லை. நாலு பேருக்குச் சங்கடம் வேண்டாமே என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நான்கு வருடம் இப்படியே ஓடியது. மற்ற நால்வருக்கும் ஆயிரம் சோலி. அதனால் நாற்பத்தெட்டு மாதத்தில் முப்பத்தொரு மாதம் இவரேதான் போனார். போகும்போதெல்லாம் அறை பளிச்சென்று இருக்கும். தரை கழுவி ஈரம் காயாமல் இருக்கும். சில நாள் உள்ளே குடித்துவிட்டுக் கலாட்டா செய்த யாராவது ஒருவர் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். பல நாள் யாருமே இருக்க மாட்டார்கள். எழுத்தரோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். படிவத்தின் நகல்களை வீட்டில் ஒரு கோப்பில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். நம் ஊர் நிலையம் நல்ல நிலையம் என்று உண்மையாகவே நம்பினார்.

அப்போதுதான் ரொட்டிக்கடைப் புகார் வந்தது.

ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்க்கும் இளைஞன், வயது இருபத்துநான்கு. ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போனதற்கு அவனைச் சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதிவேட்டில் பெயரை எழுதாமல் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் அந்த வண்டி அதன் சொந்தக்காரரின் மைத்துனர் வீட்டுக் கொட்டகையில் நின்றது தெரிந்ததும், போடா என்று விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

நூலகத்தின் மாடியறையில் விசாரணை நடந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு அக்கா வந்திருந்தாள். அவன் வலது காதை மேசைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால் யாரையும் நேராகப் பார்க்காதவன்போலத் தெரிந்தான்.

தலைவி நிலையத்திலிருந்து வந்த பதிலை வாசித்தார். அப்படி ஒருவரை நாங்கள் அடைத்து வைக்கவே இல்லை. அவர் சொல்லும் மூன்று நாட்களில் இரண்டாம் நாள், மாலை நான்கு மணிக்கு, தங்கள் குழு உறுப்பினரே நேரில் வந்து பார்த்திருக்கிறார். அறை காலியாக இருந்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறார். படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

"நீங்க பாத்தப்ப அறை காலிதானே?" என்று கேட்டார் மருந்துக்கடை அம்மாள்.

"காலிதாம்மா" என்றார் மீட்டர்காரர்.

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

"ரெண்டாம் நாள் நாலு மணிக்கு நீ எங்கப்பா இருந்த?" என்று பல் மருத்துவர் கேட்டார்.

"ஜீப்புல இருந்தேங்க. மூணரை மணி இருக்கும், திடீர்னு வந்து எழுப்பி ஜீப்புல ஏத்துனாங்க. ஆத்துப் பாலம் வரைக்கும் போனாங்க. அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு, ஊரச் சுத்திட்டு, ஐஞ்சு மணிக்குத் திரும்ப அதே அறையில கொண்டாந்து போட்டாங்க. தரையெல்லாம் ஈரமா இருந்துச்சு."

"எதுக்கு அப்படிச் சுத்துனாங்க?"

"எனக்குத் தெரியலங்க."

லாரி ஓட்டுநர் சிரித்துவிட்டார். "டீசல் என்ன குழாய்லயா வருது தம்பி? ஒரு காரணமும் இல்லாம ஒரு ஆள ஒன்றர மணி நேரம் ஜீப்புல வெச்சுச் சுத்திக் காட்டுவாங்களா?"

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை. அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள் மீட்டர்காரர். அன்றைக்கு மதியம் அவர்தான் நிலையத்துக்கு ஃபோன் பண்ணி, "நாலு மணிக்கு வரேன்" என்று சொன்னவர். அதை அவர் அங்கே சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து முடிவு சொல்கிறோம் என்று தலைவி எழுந்தார்.

மறுநாள் ஒரு வீட்டு வாசலில் மீட்டர் மூடியைத் தூக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் கொஞ்சம் முன்னதாகவே வந்து நிலையத் தெருவுக்குள் திரும்பிய நேரம், நிலையத்து ஜீப் எதிரே வந்து அவரைக் கடந்து போயிற்று. ஜீப் ஓட்டுகிறவர் வீட்டு மீட்டரும் இவர் பார்ப்பதுதான். அவர் ஹாரன் அடித்தார், இவர் கையைத் தூக்கி ஆட்டினார். பின்சீட்டில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். மூடியை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார் மீட்டர்காரர். தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தே வயிறு வளர்த்த மனிதர், நான்கு வருடம் ஒரு அறையின் தரை தான் போகும்போதெல்லாம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் குழிக்குள் தலையை விட்டிருந்தபோது பின்னால் செருமல் கேட்டது. எழுத்தர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"அண்ணே, சௌக்கியமா? அந்தப் பையன் விஷயம் சும்மா வளந்துக்கிட்டே போகுது. நீங்க ஒண்ணும் மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

மீட்டர்காரர் நிமிரவில்லை.

"விதிய மீறுனது நாங்க இல்லையேண்ணே. நாலாவது விதி உங்க புத்தகத்துலதான் இருக்கு. நீங்க வாயத் தொறந்தா மொதல்ல அடிபடறது உங்க பேருதான். உங்கமேல மரியாதை இருக்கு, அதனால சொல்றேன்."

"நான் வந்தப்பல்லாம், எத்தன தடவை உள்ள இருந்த ஆள வெளிய மாத்துனீங்க?"

"என்னண்ணே கேட்டீங்க?"

"முப்பத்தோரு தடவை வந்தேன். எத்தன தடவை?"

எழுத்தர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்த வால்வுல தண்ணி ஒழுகுது பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றும் முன்பே அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஃபோன், சாவி, தேநீர், ஈரத் தரை, ஜீப் எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, தரையக் கழுவியிருந்தாங்க கழுவியிருந்தாங்கன்னு நாலு வருஷமா எங்கிட்டப் பெருமையா சொன்னீங்களே, அழுக்கில்லாத தரைய எவனாவது கழுவுவானா? நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கும் உறைக்கல" என்றாள்.

"சொன்னா ஊரே காறித் துப்பும். முப்பத்தோரு படிவமும் குப்பை. இனிமே எந்த வீட்டுலயாவது எம் மூஞ்சியப் பாத்துக் கதவத் தொறப்பாங்களா?"

"தொறக்க மாட்டாங்கதான். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அந்தப் பையனப் பொய்யன்னு சொல்லிட்டா, அவங்க அக்கா வேற எந்த வாசல்லங்க போயி நிப்பா?" பைக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்தாள். "போயிச் சொல்லுங்க. இந்தத் தடவையாவது யாருக்கும் ஃபோன் பண்ணாம போங்க."

அடுத்த வாரம் அதே மாடியறை. தலைவி காகிதங்களை அடுக்கிக்கொண்டு, புகாரை நம்புவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று தொடங்கும் வரியை வாசிக்க வாயெடுத்தார். மீட்டர்காரர் எழுந்து நின்றார். தன் ஃபோனை மேசை நடுவில் வைத்தார். அது வைத்த இடத்தில் நிற்காமல் தையல்காரர் பக்கம் சறுக்கிப் போயிற்று.

"அன்னிக்கு மதியம் பன்னெண்டு பத்துக்கு நான் நிலையத்துக்கு ஃபோன் பண்ணியிருக்கேன். அதுல இருக்கு, பாருங்க. நாலு மணிக்கு வரேன்னு சொன்னேன். அன்னிக்கு மட்டுமில்ல, மொதத் தடவையத் தவிர எப்பவுமே சொல்லிட்டுத்தான் போனேன். எதுக்கு ஜீப்புல சுத்துனாங்கன்னு போன வாரம் கேட்டீங்க. நான் வர்றதுக்காகத்தான் சுத்துனாங்க."

லாரி ஓட்டுநர் ஃபோனை எடுத்துப் பார்த்தார், அடுத்தவரிடம் கொடுத்தார். அது ஒரு சுற்று வந்து தலைவியிடம் நின்றது.

"நாலாவது விதி உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் மருந்துக்கடை அம்மாள். "நாலு வருஷமா உங்க கையெழுத்துக்குக் கீழ நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும்மா. படிச்சேன். நமக்கு எதுக்கு அந்த மரியாதை கெட்ட வேலைன்னு நெனச்சேன்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நால்வரும் பேசினார்கள். அரை மணியில் முடிவாயிற்று. புகாரில் முகாந்திரம் இருக்கிறது, மேல் விசாரணைக்குப் போகிறது. முப்பத்தொரு படிவங்களும் செல்லாது. மீட்டர்காரர் இனி உறுப்பினர் இல்லை, சாட்சி. அந்த முப்பத்தொரு நாட்களில் உள்ளே இருந்தவர்கள் யார் யார், அவர்களை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்று தேடச் சொல்லியும் ஒரு வரி எழுதினார்கள். அதை எப்படித் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

படிக்கட்டில் அக்கா முன்னே இறங்கினாள். அவரைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. தம்பி மட்டும் நின்றான். அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது காது அவர் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டான்.

"அன்னிக்கு ஜீப் போறப்ப தெரு முனையில நின்னு ஒருத்தர் கை காட்டுனாரு. தோள்ல பை மாட்டியிருந்தாரு. அது நீங்களாங்க?"

"ஆமா தம்பி" என்றார் மீட்டர்காரர்.

"எனக்குத்தான் காட்டுறாருன்னு நெனச்சேன். யாரோ நம்மள பாத்துட்டாங்க, இனிமே வந்து கேப்பாங்கன்னு. அந்த நெனப்புலதாங்க மிச்ச நாளத் தள்ளுனேன்."

கீழே அக்கா கூப்பிட்டாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. மீட்டர்காரர்தான் அவன் தோளைத் தொட்டு, "அக்கா கூப்பிடுறாங்கப்பா" என்று சொன்னார்.