வெற்றிலையோடு எடுத்த அச்சு

மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் ரப்பர் உருட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்றவள் பஞ்சாலை என்ற பெண். அந்த இரைச்சல் தன் காதைத் தின்றுவிட்டதை வேலையை விட்ட பிறகுதான் உணர்ந்தாள். அப்போதும் கவலைப்படவில்லை, கணவர் இராஜமாணிக்கம் பக்கவாதத்தில் விழும்வரை.

அவர் குரல் பாதியாகிவிட்டது. ஒரு நாள் கட்டிலிலிருந்து சரிந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துத் தரையிலேயே கிடந்தார். அடுப்படியிலிருந்த அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பிஸ்கட் டின்னைக் கரண்டியால் தட்டத் தொடங்கினார். டின் சத்தம் அவளுக்கு எட்டியது. மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார்.

சிரம்பானில் காதுக்கருவிக் கடையில் வேலை பார்க்கும் திலகா, பஞ்சாலையின் காதுக்குள் பசை போன்ற ஒன்றைச் செலுத்தி, அது இறுகியதும் அச்சு எடுத்தாள். அவள் காதுக்கென்றே செய்த கருவி மூன்று வாரத்தில் வந்தது. கடையில் ஒழுங்காக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் விசிலடித்தது. தன் பேச்சே பானைக்குள்ளிருந்து வந்தது. கணவரின் முனகல் தகரத்தைச் சுரண்டியது போலிருந்தது. கழற்றி வைத்துவிட்டாள்.

மூன்றாவது முறை போனபோது திலகா கேட்டாள்: "இங்க நல்லாத்தானே இருக்கு ஆன்ட்டி. வீட்டுல என்ன பண்றப்ப கத்துது?"

"என்னா பண்ணுவேன்? சமைப்பேன், வெத்தல போடுவேன், அவரத் திட்டுவேன்."

"வெத்தலயா? இங்க வர்றப்ப போட்டு நான் பாத்ததே இல்லையே?"

"ஏர்கோன் போட்ட குளுகுளு கடைக்கு எச்சி வாயோட வருவாங்களா பாப்பா? பஸ் ஸ்டாண்டுலயே துப்பிட்டு, கொப்புளிச்சிட்டுத்தான் வருவேன்."

திலகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மெல்லுறப்ப காதுக்குள்ள வழி விரியும் ஆன்ட்டி. வாய மூடி எடுத்த அச்சு எப்படிப் பொருந்தும்? வெத்தல இருக்கா?"

"பையில இருக்கு."

"போடுங்க லா. மென்னுகிட்டே எடுப்போம்."

"ஒன் மொதலாளி பாத்தா?"

"அவர நான் பாத்துக்கிறேன். துப்புறதுக்கு மட்டும் வெளிய போயிருங்க."

புதிய கருவியில் காற்றுப் போக மெல்லிய துளை வைத்திருந்தார்கள். பானைச் சத்தம் போயிற்று. கணினியில் கீச்சொலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்துக்கொண்டே திலகா பேசினாள். அவள் குரல் மனிதக் குரலானதும் பஞ்சாலை போதும் என்று கையைத் தூக்கினாள்.

ஆனால் வீட்டில் டின்தான் பேசியது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது டின்னை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அடுப்படியில் வெற்றிலையை மென்றபடி நின்றாள். நேரம் போனது. மறுபடி விழுந்து கிடக்கிறாரோ என்று எட்டிப் பார்க்கக் காலெடுத்தாள்.

"ஏ புள்ள... எங்கடி வெச்ச டின்ன?"

குழறலாக, பாதி மூச்சாக வந்தது. ஆனாலும் அவர் குரல்தான். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நின்றாள்.

"செவிட்டு முண்டம்" என்றார் இராஜமாணிக்கம்.

வெற்றிலையைத் துப்பாமலே உள்ளே போனாள்.