சாக்குப் போர்த்திய குவியல்

பக்கத்து வீட்டு அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம், "கதவைச் சும்மா சும்மா திறக்காதீங்கம்மா" என்று சிடுசிடுப்பார். அந்த மனிதர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். கொல்லையில் உரக்குவியல் போட்டிருந்தார். காய்கறித் தோல், டீத்தூள், உதிர்ந்த சருகு, எதையும் விடமாட்டார். குளிர்காலத்தில் அதற்குச் சாக்குப் போர்த்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். உள்ளே சூடு இருந்தால்தான் மட்கும். இந்த வருஷம் குளிர் தொடங்கியபோதே அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஏங்க, குவியல் சூடா இருக்கா?" தினமும் விடிந்தால் அக்காவிடமிருந்து இதே கேள்வி. அதில் சூடு இருக்கும்வரை மனைவிக்கு ஒன்றும் ஆகாது என்று அண்ணன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். சாக்கை விலக்கி, முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பார். காலையில் பார்த்தது போதாதென்று மாலையிலும்.

"அண்ணே, திறந்து திறந்து பார்த்தா குளிர் உள்ள போகாதா?"

"ஒரு நிமிஷம்தானேம்மா."

அவரிடம் திட்டு வாங்கிய பெண்களெல்லாம் சொன்ன அதே பதில். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

போதாக்குறைக்கு அந்த வீட்டில் சமையலே நின்றுவிட்டது, தோலுக்கு எங்கே போவது? என் வீட்டுத் தோலையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். குவியல் ஜில்லிட்டுப் போனது. அக்காவிடம் மட்டும் அண்ணன், "கொதிக்குது போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று அக்கா, "கொஞ்சம் அள்ளிட்டு வாங்க, தொட்டுப் பார்க்கணும்" என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் ஒரு தகர டப்பாவில் அள்ளி, அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா டப்பாவுக்குள் விரலை விட்டார்.

"அடுப்புல வெச்சீங்களா? காஞ்சு கிடக்கு. குவியல் சூட்டுல ஈரம் இருக்கும்."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"செத்ததைச் செத்துப்போச்சுன்னு சொல்லிப் பழகுங்க. நாளைக்கு என்னைக் கேட்டு நாலு பேர் வருவாங்க. அவங்ககிட்டயும் 'நல்லாத்தான் இருக்கா'ன்னு சொல்வீங்களா?"

சொன்னாரே தவிர, அக்கா விரலை எடுக்கவில்லை. டப்பா ஆறும்வரை அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.