பொடிக்குள் முறிந்த பத்தியம்

மருந்தின் மூலக்கூறை எடை போட்டு, டப்பாவுக்குள் இருப்பது யார் என்று காட்டிக்கொடுப்பது எங்கள் தொழில். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு குடித்தனம் நடத்தும் சகபாவிகளே, புதுக்கோட்டையில் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

எடை மிஷின்

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து முருகேசன் வந்தார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவர், தாயார் செல்லாயியின் முகம் உப்பி உருண்டிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். மூட்டுவலிக்காக ஒரு வருடமாக அந்த அம்மாள் சாப்பிடும் நாட்டுமருந்துப் பொடியின் மீது டாக்டருக்குச் சந்தேகம். முருகேசன் இரண்டு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். ஒரு சிட்டிகை போதும், மிஷின் எடை போட்டுச் சொல்லிவிடும் என்றேன்.

"சிட்டிகைய நிறுக்கவா ரூம்பு நெறைய மிஷினு? எங்க ஊரு மளிகைக் கடையில சின்னத் தராசே இருக்குங்களே மேடம்!"

எங்கள் மேலேயே சந்தேகம்

திரையில் எழும்பிய கோட்டைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. டெக்சாமெத்தசோன். சுத்தமான ஸ்டீராய்டு. புரதங்களை ஆராய்ந்த நாட்களில் என் தோலின் புரதமே மாதிரியில் விழுந்து என்னை ஏமாற்றியதுண்டு. அதனால் முதலில் எங்களையே சந்தேகப்பட்டேன். குழாயைக் கழுவி, வெறும் கரைசலை ஓட்டிப் பார்த்து, பொடியை மறுபடி ஓட்டினேன். வெறும் கரைசலில் கோடே இல்லை; பொடியை ஓட்டிய மூன்று முறையும் அதே இடத்தில் அதே கோடு. நான்காவது முறை கழுவப் போனபோது, உடன் வேலை பார்க்கும் ரேவதி கையைப் பிடித்தாள்.

"அக்கா, கழுவுனது போதும். மிஷினு சுத்தமாத்தான் இருக்கு. பொடிதான் அழுக்கு."

வாய்க்கால்

முடிவைச் சொன்னதும், ஒரு வருடம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். பொடியை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்ல முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"பொடியா? வீட்ல மிச்சமிருந்தத உங்ககிட்ட டப்பா குடுத்த அன்னைக்கே வாய்க்கால்ல கொட்டிட்டேன் மேடம். ஆத்தா நேத்துலேருந்து எந்திரிக்கவே இல்லீங்க!"

பத்தியம்

ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டையே ஊசியில் ஏற்றி ஆளை மீட்டார்கள். நாலாம் நாள் பார்க்கப் போனேன். பொடி சாப்பிட்ட காலமெல்லாம் செல்லாயிக்குச் சர்க்கரையும் ஏறிக் கிடந்ததாம்; அதற்கு ஸ்டீராய்டு போக இன்னொரு காரணமும் அப்போதுதான் தெரிந்தது. இங்கிலீஷ் மருந்து பட்டால் பொடி முறிந்துவிடும் என்று விற்றவர் பத்தியம் சொல்ல, செல்லாயி சர்க்கரை மாத்திரையையும் விட்டிருக்கிறார். பொடியில் வேலை செய்ததே இங்கிலீஷ் மருந்துதான் என்றேன். செல்லாயி தலையில் அடித்துக்கொண்டார்.

"தலவலிக்குக்கூட ஒரு மாத்திர தொடாம பத்தியம் காத்தேனே தாயி, அந்தப் படுபாவி பொடிக்குள்ளயே பத்தியத்த முறிச்சு வச்சிருக்கானே!"

எங்கள் அறிக்கைப் படிவத்தில் பத்தியத்துக்குக் கட்டம் கிடையாது என்பதால், 'ஸ்டீராய்டு உள்ளது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.